ஒரு படத்திலிருந்து இனத்தின் பெயர் ஏன் வருவதில்லை

கரையிலோ வலையிலோ கண்ட ஏதோவொரு வழுவழுப்பான பிராணியைப் படமெடுத்து அனுப்பி, "இதன்ர பெயர் என்ன சேர்?" என்று கேட்பவர்கள் எனக்குப் பலர் இருக்கிறார்கள். என்னிடம் உயிரியல் படித்த மாணவர்கள், விடுமுறைக்கு ஊருக்கு வந்து கடலில் இறங்கும் உறவினர்கள், திருகோணமலையில் சுழியோடப் போய் வந்தவர்கள் என்று பல தரத்தினர். பெரும்பாலான படங்களுக்கு நான் குடும்பத்தின் பெயரைச் சொல்வேன். படம் தெளிவாக இருந்தால் சாதியின், அதாவது நெருங்கிய இனங்கள் சேர்ந்த பிரிவின், பெயரையும் சொல்வேன். அதற்கு மேல் போக மாட்டேன். கேட்டவருக்கு அது மனக்குறைதான். கைத்தொலைபேசியிலுள்ள செயலி இரண்டு செக்கனில் முழுப் பெயரையும் சொல்லிவிடும்போது, வருடக்கணக்காகப் படிப்பிக்கிற ஒருவர் பாதிப் பெயரோடு நின்றுவிடுவது அவர்களுக்கு விளங்குவதில்லை. ஏன் நிற்கிறேன் என்பதை ஒருமுறை விரிவாக எழுதி வைத்துவிட்டால், இனிக் கேட்பவர்களுக்கு இதையே அனுப்பிவிடலாம்.

முதலில், எந்தப் பிராணியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். பண்ணைகளில் வளர்த்து, அவித்து உலர்த்தி ஏற்றுமதியாகும் கடலட்டை இதிற் சேராது. அது நட்சத்திர மீனுக்கும் கடல் முள்ளெலிக்கும் உறவானது. நான் பேசுவது நத்தையின் உறவான, ஓட்டை முற்றாக இழந்த அல்லது உடலுக்குள் சிறு தகடாக ஒடுக்கிக்கொண்ட கடல்வாழ் மொலஸ்காக்களைப் பற்றி. ஓடற்ற கடல்நத்தைகள் என்று இங்கே குறிப்பிடுகிறேன். இவற்றுள் முதுகில் வெளிப்படையான பூக்களைக் கொண்ட நியூடிபிராங்குகள் மட்டுமே உலகில் ஏறத்தாழ 3000 இனங்கள். பூ என்றால் நாங்கள் மீனிற் கழற்றி எறிகிற அதே சுவாச உறுப்புத்தான்; இந்தியத் தமிழர் செவுள் என்பார்கள்.

யாழ்ப்பாணத்தவர் பலர் இந்தப் பிராணிகளைப் பவளப்பாறைக்குரியவை என்றும், அவற்றைக் காண மாலைதீவுக்கோ இந்தோனேசியாவுக்கோ போக வேண்டும் என்றும் நினைக்கிறார்கள். நமது கடனீரேரியின் சாதாளைப் படுக்கைகளிலேயே ஒன்று தாராளமாகக் கிடைக்கிறது. குருநகர், பாசையூர்ப் பக்கம் நண்டு வலையை உதறும்போது, சாதாளையோடு சாதாளையாகச் சாம்பற் பச்சை நிறத்தில், சடைபிடித்த ஓர் உருண்டை விழும். காற்றுப்பட்டவுடன் அது தன் உருவத்தை இழந்து சளிக் கட்டியாகச் சுருங்கிவிடும். அதை எடுத்துக் கடல்நீர் நிரப்பிய வெள்ளைப் பீங்கான் கோப்பைக்குள் விட்டுச் சற்றுப் பொறுத்திருந்தால், உடல் மெல்ல நீண்டு, கிளைவிட்ட நூற்றுக்கணக்கான மென்முடிகள் நிமிர்ந்து, தலையிலுள்ள முகர்கொம்புகள் சுருட்டிய இலைபோல எழும்பும். அப்போதுதான் முடிகளுக்கு இடையில், கறுத்த வளையத்துக்குள் பளீரென்ற நீலப் புள்ளிகள் தெரியும். தொந்தரவு செய்தால் ஊதா மையைக் கக்கும். கோப்பைத் தண்ணீர் முழுவதும் நிறம் மாறிப்போகும். இதன் பெயர் பர்சாடெல்லா. கடல் முயல்கள் எனப்படும் கூட்டத்தைச் சேர்ந்தது. வலை தெரிந்துகொண்டிருந்த ஓர் அண்ணை, நான் அதைப் பொறுக்கி எடுப்பதைப் பார்த்துவிட்டு, "உதை ஏன் தம்பி பொறுக்கிறியள்? உது கறிக்கும் ஆகாது, இரைக்கும் ஆகாது" என்று சொன்னார். அவர் சொன்னது முற்றிலும் சரியான அவதானம். மேனி முழுவதும் வேண்டாத சுவையை ஏற்றி வைத்திருப்பதனாற்றான் ஓடில்லாமல் இது பிழைத்திருக்கிறது.

கீரிமலை தொடக்கம் பருத்தித்துறை வரையான சுண்ணக்கற் பாறைகளில், கடல் வற்றும் நேரத்தில் இன்னொன்றைக் காணலாம். விரற்கடை அகலத்தில், பாசி படிந்த கல்லின் நிறத்தில், முதுகெல்லாம் கரடுமுரடான பருக்களோடு, தண்ணீர் வடிந்த பாறையின் மேல் ஊர்ந்து பாசியைச் சுரண்டும். கடல் பெருகுமுன் தன் வெடிப்புக்குள் போய் ஒடுங்கிக்கொள்ளும். ஒன்சிடியம் குடும்பத்தைச் சேர்ந்த இது நுரையீரலால் சுவாசிக்கிறது. முதுகிலுள்ள சில பருக்களில் நுண்ணிய கண்களும் உண்டு. மூன்றாவது, எலிசியா என்ற சாதி. பச்சை அல்காக்களின் கலங்களைத் துளைத்து உள்ளிருப்பதை உறிஞ்சி, பச்சையவுருமணிகளைத் தன் உடலுக்குள் உயிரோடு வைத்துக்கொள்வதால் தானும் இலைபோலப் பச்சையாக இருக்கும்.

மூன்றையும் பக்கத்திற் பக்கத்தில் வைத்தால் யாரும் ஒரே கூட்டம் என்றே சொல்வார்கள். அறிவியலும் நெடுங்காலம் ஏறத்தாழ அப்படித்தான் சொல்லிவந்தது. 1848 இல் பிரெஞ்சு விலங்கியலாளர் மில்ன்-எட்வார்ட்ஸ், பூவானது இதயத்துக்குப் பின்னால் அமைந்த நத்தைகளையெல்லாம் ஒபிஸ்தோபிராங்கியா என்ற ஒரே பிரிவுக்குள் அடக்கினார். நுரையீரல் உள்ள நத்தைகள் வேறு பிரிவு. கடல் முயலும் எலிசியாவும் நியூடிபிராங்கும் முதற் பிரிவில்; பாறையில் ஊரும் ஒன்சிடியம் தோட்டத்து நத்தையோடு இரண்டாவது பிரிவில். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகப் பாடநூல்கள் இதையே படிப்பித்தன. நானும் இதைத்தான் படித்தேன். டி.என்.ஏ. ஒப்பீடுகள் வந்தபின் 2010, 2011 ஆம் ஆண்டுகளில் இந்தக் கட்டடம் சரிந்தது. எலிசியாவின் கூட்டம் கடல் முயல்களை விட நுரையீரல் நத்தைகளுக்கே நெருக்கமாகப் போய் நின்றது. ஓட்டை இழந்து அட்டைபோல ஆகும் போக்கு, நத்தைகளின் கூர்ப்பு வரலாற்றில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் பல தடவை நிகழ்ந்திருக்கிறது. ஆகவே 'ஓடற்ற கடல்நத்தை' என்பது ஒரு வாழ்க்கை முறையைக் குறிக்கிறதே ஒழிய ஒரு வம்சத்தைக் குறிப்பதில்லை. ஒபிஸ்தோபிராங்கியா என்ற சொல் இன்னமும் பேச்சுவழக்கில் இருக்கிறது, பாகுபாட்டில் இல்லை.

மேல்நிலைப் பிரிவுகளின் குழப்பம் இவ்வளவுதான். படம் அனுப்புபவர் கேட்பது இனத்தின் பெயரை. சிக்கல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

விலங்குகளுக்கான பெயரீடு லின்னேயசின் நூலின் பத்தாம் பதிப்பு வெளிவந்த 1758 ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறது. அதற்கு முன் யார் எந்தப் பெயரிட்டிருந்தாலும் செல்லாது. அதன்பின் ஒரே விலங்குக்கு இரண்டு பெயர்கள் வந்திருந்தால், பொதுவாக முந்தியதே நிற்கும். இந்த முந்துரிமை விதி இலங்கைக்கு ஒரு சிறப்பான இடத்தைக் கொடுத்திருக்கிறது. இந்து சமுத்திரத்திலும் மேற்குப் பசிபிக்கிலும் பரந்து வாழும் நியூடிபிராங்குகளுள் பலவற்றின் முதற்பெயர் திருகோணமலையில் வைக்கப்பட்டது. வைத்தவர் எட்வர்ட் பிரடெரிக் கெலார்ட். 1819 இல் இலங்கையிற் பிறந்த பறங்கியர். எடின்பரோவில் மருத்துவம் படித்து இராணுவ வைத்தியராகப் பணியாற்றியவர். முத்துச்சிப்பிகளை ஆராய அரசாங்கம் அவரையே நியமித்தது. 1858, 1859 ஆம் ஆண்டுகளில் அவர் வெளியிட்ட விவரணங்களில் டசின் கணக்கான ஓடற்ற கடல்நத்தைகள் இடம்பெற்றன. 1860 இல் காலமானார். வயது நாற்பதைச் சற்றே தாண்டியிருந்தது.

அவர் பெயரிட்டவற்றுள் ஒன்று யொருன்னா பியூனெபிரிஸ். வெள்ளை உடலில் கறுப்பு வளையங்கள் படர்ந்த, இன்றைக்குச் சுழியோடிகள் எல்லோரும் அறிந்த பிராணி. பெயரின் பொருள் துக்கத்துக்குரியது என்பது. வெள்ளைக்காரரின் துக்க நிறம் கறுப்பு என்பதால் அந்தப் பெயர் வந்திருக்கலாம், நமது துக்க வீடுகளுக்கும் வெள்ளை பொருந்தும் என்பது தற்செயல். திருகோணமலையில் இருந்த கிளெனி என்ற மதகுருவின் பெயரை இன்னொன்றுக்கு வைத்தார். இலங்கையின் பெயரையும் சிலவற்றுக்கு வைத்தார்: ஓரிடத்தில் சிலோனிக்கா, வேறோரிடத்தில் சைலானிக்கா. ஒரே ஆள், ஒரே நாடு, இரண்டு எழுத்துமுறை. இதை ஒழுங்குபடுத்திவிடலாமே என்று யாருக்கும் தோன்றும்; விதி இடங்கொடாது. முதலில் அச்சான எழுத்துக்கூட்டல், அச்சுப்பிழை என்று அந்த நூலிலிருந்தே நிரூபிக்க முடிந்தாலன்றி, அப்படியே இருக்க வேண்டும்.

கெலார்டின் விவரணங்கள் பெரும்பாலும் குறுகியவை. உயிருள்ள விலங்கின் நிறத்தையும் புறத்தோற்றத்தையும் அவர் நேரிற் பார்த்து எழுதினார். மதுசாரத்திற் போட்ட மறுநாளே நிறமெல்லாம் கரைந்துபோகும் ஒரு கூட்டத்தைப் பொறுத்தவரை அது பெரிய காரியம். ஐரோப்பாவிலிருந்த அறிஞர்கள் பலர் போத்தலுக்குள் கிடந்த வெளிறிய சதைத்துண்டை வைத்துக்கொண்டே எழுதினார்கள். ஆனால் உள்ளுறுப்புகளைப் பற்றி அவர் விட்டுச்சென்ற தகவல் இன்றைய தேவைக்குப் போதாது. அவருடைய வண்ணப் படங்கள் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலுள்ள ஹான்கொக் நூதனசாலையிற் போய்ச் சேர்ந்தன. 1906 இல் சார்ள்ஸ் எலியட் அந்தப் படங்களையும் நூதனசாலையிலிருந்த சேகரிப்புகளையும் வைத்துத் தென்னிந்திய, இலங்கை நியூடிபிராங்குகளை மீளாய்வு செய்தார். இந்த எலியட் தொழிலால் இராசதந்திரி. கிழக்காபிரிக்காவில் ஆணையாளராக இருந்தவர். பின்னர் யப்பானில் தூதுவர். இந்து, பௌத்த சமயங்களைப் பற்றிப் பெருநூல் எழுதியவரும் இவரே. ஓய்வுநேரப் பொழுதுபோக்காகக் கடல்நத்தைகளை அறுத்துப் பார்த்து, அந்தத் துறையின் முதன்மையானவர்களுள் ஒருவரானார். இப்படிப்பட்டவர்களைப் பார்த்துப் பொறாமைப்படுவதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாது.

முந்துரிமை விதி நடைமுறையில் என்ன செய்கிறது என்பதற்கு மெலிபே என்ற சாதி நல்ல எடுத்துக்காட்டு. அதன் தலை முழுவதும் ஒரு பெரிய கூடாரம்போல விரியும். அதைச் சாதாளையின் மேல் கவிழ்த்து, உள்ளே அகப்பட்ட சிற்றிறால்களையும் கூனிகளையும் விழுங்கும். வலைவீசுபவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. கெலார்ட் 1858 இல் இதன் ஓர் இனத்துக்கு விரிடிஸ் என்ற பெயரை வைத்தார். சென்னை மாகாணத்தில் உயர் அதிகாரியாக இருந்த வோல்ட்டர் எலியட் சேகரித்து அனுப்பியவற்றை ஆராய்ந்த ஆங்கிலேய விலங்கியலாளர்கள் ஆல்டரும் ஹான்கொக்கும் 1864 இல் பிம்பிரியாட்டா என்ற பெயரில் ஒன்றை விவரித்தார்கள். பின்னர் இதே சாதியைச் சேர்ந்த ஒரு விலங்கு மத்தியதரைக் கடலுக்குள் புகுந்து பரவியபோது, ஐரோப்பிய ஆய்வாளர்கள் அதைப் பிம்பிரியாட்டா என்றே எழுதிவந்தார்கள். 2003 இல் கொஸ்லினரும் சிமித்தும் அந்தச் சாதி முழுவதையும் மீளாய்வு செய்து, இரண்டும் ஒன்றே என்று முடிவு செய்தார்கள். பெயர் கெலார்டுக்குத் திரும்பியது. மத்தியதரைக் கடலில் இன்று வாழும் ஒரு வந்தேறியின் பெயர், திருகோணமலையில் ஒரு வைத்தியர் எழுதிய சில வரிகளில் தங்கியிருக்கிறது.

பெயர் மாறுவதற்கு இன்னொரு வழியும் உண்டு. படம் பார்த்துப் பெயர் தேடுபவர்களை அதிகம் குழப்புவது இதுவே. அழகான நிறங்களுக்குப் பேர்போன குரோமோடோரிஸ் குடும்பத்தை 2012 இல் ரெபெக்கா ஜோன்சனும் ரெரன்ஸ் கொஸ்லினரும் டி.என்.ஏ. அடிப்படையில் மீண்டும் அடுக்கினார்கள். குரோமோடோரிஸ் என்ற சாதிக்குள் வைக்கப்பட்டிருந்த ஏராளமான இனங்கள் கோனியோபிராங்கஸ் என்ற பழைய பெயருக்குள் போயின. அத்திலாந்திக்கில் வாழ்பவை வேறு சாதிகளுக்குப் போயின. கெலார்டின் பிரெசியோசா என்ற இனம் அப்போது பிரெசியோசஸ் ஆனது. சாதியின் பெயர் இலத்தீன் இலக்கணப்படி ஆண்பாலாக இருந்தால், பின்வரும் உரிச்சொல்லும் ஆண்பாலாக வேண்டும். இலக்கணப் புணர்ச்சியோடு வளர்ந்த நமக்கு இது விசித்திரமாக இருக்கக் கூடாது. இனத்தின் பெயருக்குப் பின்னால் ஆசிரியரின் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் (கெலார்ட், 1858) என்று இருந்தால், அவர் முதலில் வைத்த சாதியிலிருந்து அது வேறு சாதிக்கு மாற்றப்பட்டிருக்கிறது என்று பொருள். அடைப்புக்குறி இல்லாவிட்டால் முதலில் வைத்த சாதியிலேயே இருக்கிறது. கெலார்ட் தன் காலத்து வழக்கப்படி பலவற்றை டோரிஸ் என்ற சாதிக்குள் போட்டதனால், அவருடைய பெயர்களுள் மிகப் பல இன்று அடைப்புக்குறிக்குள்ளேயே இருக்கின்றன. எலிசியா கிராண்டிபோலியா போன்ற சில மட்டும் வெளியே நிற்கின்றன.

அந்தக் கிராண்டிபோலியாவின் கதை இன்னும் தீரவில்லை. 1840 இல் சுவெயின்சன் கரிபியன் கடலிலிருந்து விவரித்த ஓர்னாட்டா என்ற இனமும் இதுவும் ஒன்றே என்று சில பட்டியல்கள் சொல்கின்றன. இரண்டும் வேறு என்று வேறு சில சொல்கின்றன. இரண்டிலும் பச்சை உடல், ஓரத்திற் செம்மஞ்சளும் கறுப்பும் கலந்த கரை, கறுப்புப் புள்ளிகள். ஒன்றே என்றால் முந்தியதான ஓர்னாட்டா நிற்கும். வேறு என்றால் நமது கடலில் இருப்பதற்குக் கெலார்டின் பெயரே உரியது. இது படத்தை உற்றுப் பார்ப்பதாற் தீரும் வழக்கல்ல.

நிறம் ஏன் கைவிடுகிறது என்பதை இங்கே சொல்ல வேண்டும். குரோமோடோரிஸ் குடும்பத்தவை கடற்பஞ்சுகளைத் தின்று, அவற்றின் நச்சுப் பொருள்களைத் தங்கள் மேலங்கியின் (முதுகை மூடும் தோலின்) ஓரத்திலுள்ள சுரப்பிகளிற் சேமிக்கின்றன. கண்கவர் நிறம், தின்ன வருபவனுக்கான எச்சரிக்கை. ஒரே கரையில் வாழும் பல இனங்கள் ஒரே எச்சரிக்கையைப் பகிர்ந்துகொண்டால் எல்லாவற்றுக்கும் நன்மை. ஒரு மீன் ஒருமுறை கசப்பை அறிந்தால் போதும். தென்கிழக்கு அவுஸ்திரேலியாவில் வெள்ளை உடலிற் சிவப்புப் புள்ளிகள் கொண்ட, நெருங்கிய உறவில்லாத பல இனங்கள் இப்படி ஒன்றுபோலத் தோற்றமளிப்பதை பில் ரட்மன் 1991 இல் எடுத்துக்காட்டினார். இதற்கு நேர்மாறானதும் நடக்கிறது. 2019 இல் ஹிப்செலோடோரிஸ் என்ற சாதியில் ஒரே ஆய்வில் 17 புதிய இனங்கள் விவரிக்கப்பட்டன. அவற்றுள் ஹிப்செலோடோரிஸ் இபா என்பது ஊதாவாகவும் இருக்கும், வெளிறிய பால்நிறமாகவும் இருக்கும். இரண்டும் வேறு இனங்கள் என்றே முதலிற் பார்ப்பவருக்குத் தோன்றும். ஆகவே ஒரே நிறத்திற் பல இனங்களும், ஒரே இனத்திற் பல நிறங்களும் இருக்கக்கூடிய ஒரு கூட்டத்தில், நிறத்தை மட்டும் பார்த்துப் பெயர் சொல்லும் செயலியின் தன்னம்பிக்கை எனக்கு வாய்க்கவில்லை.

அப்படியானால் எதைப் பார்க்க வேண்டும்? விலங்கை அறுத்துத்தான் பார்க்க வேண்டும். வாய்க்குள் ரடுலா என்ற நாடா இருக்கிறது. அதில் நுண்ணிய பற்கள் நிரை நிரையாக அமைந்திருக்கும். வாய்க்குமிழை வெட்டி எடுத்துப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் இட்டால் சதை கரைந்து ரடுலா மட்டும் மிஞ்சும். நீரிற் கழுவி நுணுக்குக்காட்டியின் கீழ் விரித்தால், எத்தனை நிரை, ஒரு நிரையின் இருபுறமும் எத்தனை பற்கள், நடுப்பல் உண்டா இல்லையா, பல்லின் நுனியிற் சிறுபற்கள் எத்தனை என்றெல்லாம் எண்ணலாம். மணல் துகளளவான ஒரு நாடாவைக் கிழியாமல் விரிப்பதற்கு நல்ல பொறுமை வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டிய வேலை. அடுத்தது இனப்பெருக்கத் தொகுதி. இவை ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாக இருப்பதால், விந்தைச் சேமிக்கும் பைகளும் குழாய்களும் சிக்கலான ஒழுங்கில் அமைந்திருக்கும். அந்த ஒழுங்கு இனத்துக்கு இனம் வேறுபடும். யொருன்னாவின் முதுகிலுள்ள ஒவ்வொரு பருவும் நுண்ணிய சுண்ண முட்கள் வட்டமாக நின்று தாங்கும் ஒரு சிறு கோபுரம் என்பதும் நுணுக்குக்காட்டியாலேதான் தெரியும்.

டி.என்.ஏ. வந்துவிட்டதே, இனி அறுப்பானேன் என்று கேட்பவர்கள் உண்டு. 1994 இல் போல்மரும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய முதலிகளை (டி.என்.ஏ.வைப் படியெடுப்பதைத் தொடக்கிவைக்கும் சிறு துண்டுகளை) கொண்டு, இழைமணியிலுள்ள ஒரு பரம்பரையலகின் ஏறத்தாழ 658 மூலச்சோடிகளை வாசிப்பது இன்று சாதாரண வேலை. அந்த வாசிப்பு இரண்டு விலங்குகள் ஒன்றா வேறா என்பதைச் சொல்வதில் வல்லது. எந்தப் பெயர் எதற்கு உரியது என்பதை அது சொல்லாது. தரவுத்தளத்தில் நமது விலங்கின் தொடர் ஏதோவொரு பெயரோடு 99 வீதம் பொருந்தினால், அந்தப் பெயரை அங்கே ஒட்டியவர் எப்படி இனங்கண்டார் என்ற கேள்வி எஞ்சியே இருக்கும். அவரும் நிறத்தைப் பார்த்துப் பெயர் வைத்திருந்தால், நாம் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறோம். கடல் முயலான பர்சாடெல்லா லீச்சியை என்ற பெயரை 1817 இல் பிளெயின்வில் வைத்தார்; உலகின் வெப்பக் கடல்களிலெல்லாம் வாழும் ஒரே இனம் என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. 2020 இல் வெளியான டி.என்.ஏ. ஆய்வு, அந்தப் பெயருக்குள் மறைந்திருந்தது ஒன்றுக்கு மேற்பட்டது என்று காட்டியது. வடகரைப் பாறைகளில் ஊரும் பெரோனியா என்ற ஒன்சிடியச் சாதியிலும் இதே நிலை: வெளித்தோற்றத்திற் பிரிக்க முடியாத பல இனங்கள். இதனாற்றான் குருநகரில் எடுத்த படத்துக்குப் பர்சாடெல்லா என்றும், கீரிமலையில் எடுத்த படத்துக்குப் பெரோனியா என்றும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

ஒரு பெயரை நிலத்தோடு கட்டி வைப்பது வகைமாதிரி. ஒரு புதிய இனத்தை விவரிப்பவர், இந்தப் பெயர் இந்த உடலுக்கு உரியது என்று ஓர் உடலைச் சுட்டி, அதை ஒரு நிறுவனத்தில் இலக்கமிட்டு வைக்க வேண்டும். பின்னால் ஐயம் எழுந்தால் அந்தப் போத்தலைத் திறந்து பார்க்கலாம். காணியின் உறுதி கந்தோரில் இருப்பதைப் போன்றது இது. எல்லைத் தகராறு வந்தால் வேலியைப் பார்த்துப் பயனில்லை. பழைய பெயரொன்றுக்கு அந்த உடல் கிடைக்காமற்போய், பெயரைப் பற்றிய சிக்கலும் உண்மையில் இருந்தால், புதியதோர் உடலை மாற்றாக நியமிக்க விதி அனுமதிக்கிறது. ஆனால் அது இயன்றவரை முதல் விலங்கு கிடைத்த இடத்திலிருந்தோ அதனருகிலிருந்தோ வர வேண்டும். ஒக்கினாவாவிலோ ஹவாயிலோ எவ்வளவு அழகாகச் சேகரித்தாலும் கெலார்டின் பெயர்களைப் பற்றிய வழக்குகளில் அவை இரண்டாந்தரச் சாட்சிகள். முதற் சாட்சி திருகோணமலையிலிருந்து வர வேண்டும். அதன் வடக்கே பாக்கு நீரிணையின் ஆழங்குறைந்த கடலிலும் நமது கடனீரேரியிலும் வாழ்பவை அதே இனங்களா, வேறா என்பதும் இரண்டு இடத்து உடல்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்தாலன்றித் தெரியாது.

ஆகவே படம் அனுப்புகிறவர்களிடம் நான் வேண்டுவது இன்னும் அழகான படங்களை அல்ல. மணலில் சுருண்டு கிடக்கும் சளிக்கட்டியின் படம் எதற்கும் உதவாது. தண்ணீருக்குள் விட்டு, அது நீண்டபின் எடுக்க வேண்டும். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, கண்ணாடிப் பாத்திரமாயின் அடியிலிருந்து பாதத்தை ஒன்று. முகர்கொம்பில் எத்தனை மடிப்புகள், பூவுக்கு எத்தனை கிளைகள், மேலங்கியின் ஓரத்தில் எந்த நிறம் வெளியே, எந்த நிறம் உள்ளே என்பது தெரிய வேண்டும். பக்கத்தில் ஓர் அளவுகோல். எந்தக் கடற்பஞ்சில், எந்த அல்காவில் இருந்தது என்ற குறிப்பு, விலங்கின் படத்தைவிடச் சில வேளைகளிற் பெறுமதியானது. இவை தின்னும் உணவில் மிகப் பிடிவாதமானவை. நாள், இடம், ஆழம், சோளகமா வாடையா என்பதும். இவை இருந்தால் இனம் வரை போகாவிட்டாலும், பின்னால் வரும் ஒருவர் போவதற்கு வழி இருக்கும்.

பிடித்து வைப்பது வேறு விடயம். அதற்கு வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். ஆர்வத்தில் யாரும் போத்தலோடு கடலில் இறங்க வேண்டாம். பல்கலைக்கழக மாணவர்கள் அனுமதியோடு செய்யும்போது கவனிக்க வேண்டியது ஒழுங்குமுறை. உயிரோடு படமெடுத்தபின், கடல்நீரின் செறிவுக்கு ஒத்த மக்னீசியம் குளோரைட்டுக் கரைசலில் விட்டுத் தளரச் செய்ய வேண்டும். நேரே மதுசாரத்தில் இட்டால் பூவையும் கொம்பையும் உள்ளிழுத்துக்கொண்டு கல்லாகிவிடும். பாதத்தின் நுனியில் ஒரு சிறு துண்டை வெட்டி 95 வீத எதனோலில் டி.என்.ஏ.வுக்காகத் தனியே வைக்க வேண்டும். உள்ளமைப்பை வெட்டுமுகங்களாகப் பார்ப்பதற்கென்றால் வேறோர் உடலைப் போமலினில் வைக்கலாம். போமலினிற் போட்டதிலிருந்து டி.என்.ஏ. எடுப்பது பெரும்பாடு. போத்தலுக்கு வெளியே ஒட்டிய சீட்டு யாழ்ப்பாணத்து ஈரப்பதனுக்கு இரண்டு மாரிகூடத் தாங்காது. தடித்த தாளிற் பென்சிலால் எழுதி, உடலோடு சேர்த்து உள்ளேயே போட வேண்டும். அந்தச் சீட்டில் இனத்தின் பெயருக்கான இடத்தை வெறுமையாக விடுங்கள். இடமும் நாளும் படத்தின் இலக்கமும் இருந்தாற் போதும்.